அந்தமானில் அறப்பணி: சாத்தம் சொல்லும் வரலாறு

சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல், வங்கக் கடலில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தென் அந்தமானின் துறைமுகத்துள் நுழைகிறது. அங்கே ஹாடோ என்னும் பகுதிக்கு எதிரே, ஒரு பாலத்தால் பெருந்தீவோடு பிணைக்கப்பட்ட சிறுதீவு ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. அதுவே சாத்தம். 1883ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்ட அரசாங்க மரஅறுவை ஆலையின் கூரைகளும், அறுத்து அடுக்கிய மரக்கட்டைகளும், பக்கத்திலே கப்பல் துறையும் சேர்ந்ததுதான் அத்தீவின் தோற்றம். சுற்றி வருவதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. ஆயினும், அந்தமானின் இருநூற்று முப்பது ஆண்டு வரலாறு அந்தச் சின்னஞ்சிறு நிலத்தில்தான் தொடங்கிற்று.

தமிழ்நாட்டை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு அந்தமான் புதிய பெயர் அன்று. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பிழைப்பை நாடிச் சென்றவர்களும் உண்டு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போக்கிடமின்றி வந்து குடியேறியவர்களும் உண்டு. ஆதரவற்று ஒரு கரையில் இறங்கி நிற்பது எப்படிப்பட்டது என்பதை அவர்கள் நூல்களில் படித்து அறிய வேண்டியதில்லை. ஆகவே, ஆதரவற்றோருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் மனிதர்கள் செய்யும் தருமம் எப்போது தருமமாகிறது, எப்போது தீங்காக முடிகிறது என்ற கேள்வியை, அந்தமானின் வரலாற்றைக் கொண்டே இன்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் சென்னையைச் சிறிது நினைவுகூர்வோம். 1780ஆம் ஆண்டை ஒட்டி ஹைதர் அலியின் படைகளுக்கும் கும்பினியாருக்கும் நடந்த போரினால் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாயின. பஞ்சம் தலைவிரித்தாடியது. பசியால் நகரத்தை நோக்கி வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்க, 1782இல் ஓர் அறச்சாலை ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ‘மணேகர்’ எனத் திரிந்தது. ஊர் மக்களோ அதைக் ‘கஞ்சித்தொட்டி’ என்றே அழைத்தார்கள். பெயரிலேயே அதன் பணி விளங்கிற்று. பசித்தவன் வந்தான்; கஞ்சி குடித்தான்; நோயுற்றவனுக்கு மருந்தும் கிடைத்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அந்தக் கஞ்சித்தொட்டியில்தான் இருக்கிறது.

அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1789இல், ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அதிகாரி சாத்தம் தீவில் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். அது மூன்றாண்டுகளில் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. அங்கே நோயும் சாவும் மிகுந்ததால், 1796இல் குடியேற்றமே கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தீவுகள் தம் பழங்குடிகளிடமே இருந்தன. 1857ஆம் ஆண்டுப் பெரும் புரட்சிக்குப் பின், 1858 மார்ச் 10ஆம் நாள், டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு கப்பலில் வந்து சேர்ந்தார். முதலில் சாத்தத்திலேயே குடியிருப்பு அமைக்க முயன்றனர். குடிநீர் போதாமையால் விரைவிலே ராஸ் தீவுக்கு மாறினர். சென்னையில் ஆதரவற்றோருக்கென ஒரு தொட்டி கஞ்சி இருந்தது. சாத்தத்தில் இறக்கப்பட்ட கைதிகளுக்கோ குடிக்க நீரும் போதவில்லை.

கைதிகளின் துயரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று நான் கூற விரும்புவது, அந்தக் காட்டுக்கு உரியவர்களாகிய அந்தமான் பழங்குடிகளுக்குத் தருமம் என்ற பெயரால் நேர்ந்ததை.

1863ஆம் ஆண்டில், ராஸ் தீவில் பாதிரியாராக இருந்த ஹென்றி கார்பின் என்பவரின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ என்ற நிலையம் தொடங்கப்பட்டது. பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினரை அங்கே அழைத்து வந்து, உணவு கொடுத்து, உடை உடுத்தி, வேலை கற்பித்து, ‘நாகரிகம்’ அடையச் செய்வதே அதன் நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் கருணை சிறிதும் இல்லை என்று கூறிவிட முடியாது. ஆனால் இல்லத்திலே காவல் இருந்தது. வந்தவர்கள் விரும்பியபோது திரும்பிச் செல்ல இயலவில்லை. ஒருவரைப் பிடித்து வைத்தால் அவருடைய உறவினர் அடங்கி நடப்பார் என்ற அரசியல் கணக்கும் அந்தக் கருணையோடு கலந்திருந்தது. பிற்காலத்தில் இத்தகைய இல்லங்கள் வேறு இடங்களிலும் ஏற்பட்டன. சாத்தத்திற்கு எதிர்க்கரையான ஹாடோவிலும் ஒன்று இருந்தது.

விளைவு என்ன? காட்டிலும் கடலிலும் வேட்டையாடித் திரிந்த மக்கள், அடைபட்ட இடத்தில், பழக்கமில்லாத உணவோடும், புகையிலையோடும், தாம் அதுவரை அறியாத நோய்களோடும் வாழ நேர்ந்தது. அந்த இல்லத்தில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று அக்காலத்து அரசாங்கக் குறிப்புகளே கூறுகின்றன. 1877இல் தட்டம்மை வந்தது. அந்நோய்க்கு முன் பழக்கமில்லாத உடல்கள் அதைத் தாங்கவில்லை. பெரிய அந்தமானியரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணக்கு. குடியேற்றம் தொடங்கிய காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள், 1901ஆம் ஆண்டில் 625 பேர்; 1931இல் 90 பேர்; 1961இல் 19 பேர். எஞ்சியவர்கள் 1970ஆம் ஆண்டை ஒட்டி ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். ‘போ’ என்னும் மொழியைப் பேசிய கடைசி மனிதராகிய போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். அவரோடு ஒரு மொழியும் மறைந்தது.

நேயர்களே! இவர்கள் அனைவரும் இல்லத்தால் மட்டுமே அழிந்தார்கள் என்று கூறுவது நியாயமாகாது. துப்பாக்கியும் மதுவும் நோயும் அழிவில் பங்கு கொண்டன. ஆயினும், காப்பதற்கென்றே கட்டிய வீடு நோய்க்கு வாயிலாக அமைந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த மற்றொன்றைப் பார்ப்போம். அந்தமான் இல்லம் தொடங்கி நான்காண்டுகள் ஆனபின், 1867 மே மாதம், வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து வருகிறது. அங்கே வருபவனைச் சாதி எது, சமயம் எது என்று கேட்பதில்லை. பசிக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. உண்டவன் தன் வழியே போகலாம், நாளையும் வரலாம், வராமலும் இருக்கலாம். மனிதரின் பசியைத் தீர்ப்பதோடு நில்லாமல், எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்வதையே ஜீவகாருண்யம் என்று அடிகளார் போதித்தார்.

இரண்டு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இரண்டும் உணவு கொடுத்தன. ஒன்றில் வாசல் திறந்திருந்தது. மற்றொன்றில் வாசலில் காவல் நின்றது. தருமத்தை அளக்க நமக்குக் கிடைக்கும் முதல் அளவுகோல் இதுதான்: பெறுகிறவன் விரும்பியபோது எழுந்து போக முடிகிறதா? முடியுமானால் அது அன்னசாலை. முடியாவிட்டால், அதற்கு எந்த அழகிய பெயரை இட்டாலும், அது சிறைச்சாலைதான்.

காலம் சென்றது. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 மார்ச் மாதம் ஜப்பானியப் படைகள் அந்தமானைக் கைப்பற்றின. சாத்தத்திலும் குண்டு விழுந்தது. அது தோண்டிய பள்ளத்தை ஆலை வளாகத்தில் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆதரவற்றோர் பக்கம் நிற்பதற்குச் சில வேளைகளில் பொருள் போதாது, உயிரையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அக்காலம் சான்று தருகிறது. பஞ்சாபிலிருந்து அரசாங்க மருத்துவராக வந்தவர் டாக்டர் திவான் சிங். கவிஞர், நோயாளிகளிடம் பேரன்பு கொண்டவர். ஆக்கிரமிப்பாளரின் கொடுமைகளுக்கு இணங்க மறுத்து மக்கள் பக்கம் நின்றார். அவரைச் செல்லுலார் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தனர். 1944 ஜனவரி 14ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

போரின் கடைசி மாதங்களில் உணவு முற்றிலும் அருகியது. 1945 ஆகஸ்டில், உழைக்க இயலாதவர்கள் என்றும் வேண்டாதவர்கள் என்றும் கருதப்பட்ட நூற்றுக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றினார்கள். புதிய தீவிலே நிலம் கிடைக்கும், பயிரிட்டு உண்ணலாம் என்பது அவர்களுக்குக் கூறப்பட்டது. ஹாவ்லாக் தீவின் அருகே அவர்களைக் கடலில் தள்ளிவிட்டார்கள். நீந்திக் கரை சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் பசியால் மாண்டனர். பிழைத்தவர் மிகச் சிலர். உதவி என்ற சொல்லைக் கொடியவர்களும் கையாளுகிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி வாயில்லா ஜீவன்களின் கதைக்கு வருவோம். சாத்தம் ஆலைக்கு மரம் எங்கிருந்து வந்தது? அந்தமான் காடுகளின் படாக் முதலிய பெருமரங்கள் வெட்டப்பட்டு, காட்டிலிருந்து கரைக்கு இழுக்கப்பட்டு, கடல் வழியே சாத்தத்தை அடைந்தன. காட்டுக்குள் அந்தப் பளுவை இழுத்தவை யானைகள். அந்தமானில் இயற்கையாக யானை இல்லை. பெருநிலத்திலிருந்து கப்பலில் ஏற்றி அவற்றைக் கொண்டு வந்தார்கள். சங்கிலி பூட்டி மரம் இழுத்த அந்த யானைகளின் உழைப்பு, சாத்தத்தில் அறுபட்ட மரங்களிலே மறைந்து கிடக்கிறது.

1950ஆம் ஆண்டுகளில் ஒரு தனியார் மரவியாபார நிறுவனம் வட அந்தமான் பகுதியில் மரம் வெட்ட உரிமை பெற்று, யானைகளை அங்கே கொண்டு சென்றது. 1962இல் அதன் தொழில் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ நாற்பது யானைகளை மத்திய அந்தமானுக்கு மேற்கே உள்ள இன்டர்வியூ தீவில் விட்டுவிட்டுச் சென்றார்கள். பாகனும் இல்லை, மருத்துவரும் இல்லை. மனிதனுக்கு அடங்கி வாழப் பழகிய விலங்குகள், தாமே காட்டு விலங்குகளாக மாறிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவை பிழைத்தன, பெருகவும் செய்தன. யானைகள் கடலில் நீந்தி அண்டைத் தீவுகளுக்குச் செல்வதையும் மக்கள் கண்டார்கள்.

சங்கிலி அறுந்தது நல்லதுதானே என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்தத் தீவின் காடு யானையை அறியாத காடு. பட்டையை உரித்தும் பிரம்பையும் தாழையையும் தின்றும் யானைகள் காட்டின் அமைப்பையே மாற்றின என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்களும், கொன்று தின்னும் பெரும் விலங்கு எதுவும் இல்லாத அத்தீவுகளில் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காட்டை நலிவித்தன. கட்டி வைப்பது ஒரு கொடுமை என்றால், பொறுப்பின்றி அவிழ்த்து விடுவது மற்றொரு கொடுமை. அதன் துன்பம் அந்த விலங்கோடு நிற்பதில்லை; அதைச் சுற்றியுள்ள உயிர்களையும் தொடுகிறது.

இதில் நாம் கவனிக்கத் தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. மாநிலங்கள் அவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பயனாக, விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960இல் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி இந்திய விலங்குகள் நல வாரியம் 1962இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவரும் அவரே. வாரியம் சென்னையிலிருந்து பணியாற்றத் தொடங்கிய அதே ஆண்டில்தான், வங்கக் கடலுக்கு அப்பால் நாற்பது யானைகள் கைவிடப்பட்டன. சட்டம் பிறந்த நாளிலேயே அதன் கை எல்லாக் கரைகளையும் எட்டிவிடுவதில்லை. எட்டச் செய்வது மக்களின் பொறுப்பு.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையை நேயர்கள் அறிவீர்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்தியவன் அவன். கப்பல் அவனை அறியாமல் மணிபல்லவத் தீவில் விட்டுச் சென்றது. உணவு பெறுவோர் ஒருவரும் இல்லாத அத்தீவில், தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள அவன் விரும்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். கொடையின் பெருமை பாத்திரத்தில் இல்லை, பெறுகின்ற உயிரோடு கொள்ளும் உறவில்தான் இருக்கிறது என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது. இன்டர்வியூ தீவிலே கப்பல் விட்டுச் சென்ற யானைகளை நினைக்கும்போதெல்லாம், உறவை அறுத்துக்கொண்டு போன அந்தக் கப்பலையே நான் நினைக்கிறேன்.

எல்லா யானைகளின் கதையும் இப்படி முடியவில்லை. மரம் இழுக்கவே கொண்டுவரப்பட்ட ராஜன் என்னும் யானை, ஹாவ்லாக் தீவில் கடலில் நீந்தும் யானையாகப் புகழ் பெற்றது. அதை விற்று அப்பால் அனுப்பும் பேச்சு எழுந்தபோது, தீவிலேயே அதை வைத்துக்கொள்ள விடுதியார் ஒருவர் முயன்று வெற்றி பெற்றனர். முதுமையில் மரம் இழுக்கும் பளு இன்றி வாழ்ந்து, 2016இல் அது இறந்தது. உழைத்து ஓய்ந்த ஓர் உயிருக்குக் கடைசி வரை துணை நிற்பது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நம் இரண்டாவது அளவுகோலும் இதுவே: தொடங்கியவர் இறுதி வரை உடனிருக்கிறாரா?

மணிமேகலை தன் அமுதசுரபியோடு சிறைக்குள் சென்று கைதிகளின் பசியைத் தீர்த்து, அரசனிடம் வேண்டி, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதைக் காப்பியம் தனி ஒரு காதையாகவே கூறுகிறது. அந்தமானிலும் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் இன்று மூன்றே எஞ்சி நிற்கின்றன. அந்த வளாகத்தில் 1963ஆம் ஆண்டு கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. டாக்டர் திவான் சிங் உயிர் நீத்த இடத்துக்கு அருகிலேயே, பிற மருத்துவர்கள் நோயாளிகளின் நாடி பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த மருத்துவமனைக்கு 1996இல் ஒரு சிறுவன் கொண்டுவரப்பட்டான். வெளியுலகத்தோடு பகைமை பூண்டு விலகி வாழ்ந்த ஜாரவா பழங்குடியைச் சேர்ந்தவன். கால் எலும்பு முறிந்து கிடந்தவன். மாதக் கணக்கில் அவனுக்குச் சிகிச்சை செய்தார்கள். குணமானபின் அவனை நிறுத்தி வைக்கவில்லை. அவனுடைய காட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1999இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியது. 1877இல் பெரிய அந்தமானியரை வாரிக்கொண்டு போன அதே நோய். இம்முறை மருத்துவர்கள் சிகிச்சை செய்து, தேறியவர்களைக் காட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். முன்பு நேர்ந்த பேரழிவு மறுபடியும் நேரவில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கில் 240 பேராக இருந்த ஜாரவாக்கள், 2011இல் 380 பேராக உயர்ந்திருந்தார்கள்.

நோய் ஒன்றே, தீவும் ஒன்றே. இடையில் மாறியது மருந்து மட்டும் அன்று. உதவுவோரின் மனப்பான்மையும் மாறியிருந்தது. பழங்குடிகளைக் காப்பதற்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1956இல் ஏற்பட்டிருந்தது. 2004 டிசம்பரில் ஜாரவாக்களுக்கென ஒரு தனிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய வாழ்வில் இயன்றவரை குறுக்கிடாதிருப்பதே அதன் சாரம். கொடுப்பதுதான் தருமம் என்று நாம் எண்ணுகிறோம். சில வேளைகளில், நம் கையை நாமே அடக்கிக்கொள்வதும் தருமம்தான். ஜாரவாக் காட்டின் ஊடே செல்லும் பெருஞ்சாலையில், வண்டியை நிறுத்தித் தின்பண்டம் எறியும் பயணி கருணை செய்வதாக நினைக்கலாம். உண்மையில் அவர் செய்வது, 1863இல் தொடங்கிய பழைய பிழையின் எச்சமே.

அக்கொள்கை வெளியான சில நாட்களில், 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை வந்தது. தென் அந்தமானில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, வயல்கள் கடல்நீரில் மூழ்கின. நிக்கோபார் தீவுகளில் ஊர்கள் ஊர்களாக அடித்துச் செல்லப்பட்டன. கச்சால் தீவில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பி, ரப்பர்த் தோட்டத்தில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களும் துன்புற்றன. அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் என்பது அரசாங்கக் கணக்கு.

உலகெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. உண்மையான அன்போடு வந்த உதவி அது. உணவும் மருந்தும் குடிநீரும் எத்தனையோ உயிர்களைக் காத்தன. வெளிமாநிலத் தமிழர்களும் வாரிக் கொடுத்தார்கள். அவசர நாட்கள் கழிந்தபின்தான் சிக்கல் தொடங்கிற்று. நாகப்பட்டினக் கரையில், அனுப்பப்பட்ட பழந்துணிகள் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்தன. நிக்கோபாரிலே பெரியவர்கள் வேண்டியது வேறு. “எங்களுக்குக் கருவிகள் கொடுங்கள், எங்கள் வீட்டையும் ஓடத்தையும் நாங்களே கட்டிக்கொள்கிறோம்” என்பதுதான் அவர்கள் வேண்டுகோளின் பொருள். தலைமுறை தலைமுறையாகக் கடலோரத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்தவையோ தகரக் கொட்டகைகள். வெயிலில் அவை அடுப்பாய்க் காய்ந்தன.

நிக்கோபாரியர் ‘துஹேத்’ என்னும் பெருங்குடும்ப முறையில் வாழ்பவர்கள். தென்னந்தோப்பும் பன்றிகளும் உழைப்பும் அந்தப் பெருங்குடும்பத்துக்குப் பொது. பன்றி அவர்களுக்கு வெறும் கால்நடை அன்று. விழாவிலும் முன்னோர்க்குச் செய்யும் சடங்கிலும் அதற்கு உரிய இடம் உண்டு. அலையிலே பன்றிகளும் தோப்புகளும் போயின. நிவாரணப் பணமோ சிறு குடும்பம், சிறு குடும்பமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. உழைத்துப் பழகிய கைகள் ஓய்ந்திருக்க, பணம் வந்து போயிற்று. பேரலைக்கு முன்னும் பின்னும் அத்தீவுகளை ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங் போன்ற அறிஞர்கள், அலை செய்த சேதத்தோடு, உதவி வந்த முறை செய்த சேதத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இதிலிருந்து நாம் பெறும் மூன்றாவது அளவுகோல்: கொடுக்கும் முன், பெறுபவரிடம் கேட்டோமா?

இதைக் கேட்டு, இனிக் கொடுப்பதில்லை என்று எவரேனும் கையை மூடிக்கொள்வாராயின், என் பேச்சு பயனற்றதாகும். கஞ்சித்தொட்டியும் வடலூர் அடுப்பும் சிறையருகே எழுந்த மருத்துவமனையும் கொடுத்தவர்களால்தான் உண்டாயின. கொடுக்காத கை எதையும் காப்பாற்றியதில்லை. நான் வேண்டுவதெல்லாம், கொடுக்கும் கையோடு கேட்கும் காதும் சேர வேண்டும் என்பதே.

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வாழும் நம்மவர் ஒருவர், புயலடித்த ஊருக்கோ, அநாதைக் குழந்தைகளின் இல்லத்துக்கோ, முதியோர் விடுதிக்கோ, நோயுற்ற விலங்குகளின் காப்பகத்துக்கோ பொருள் அனுப்ப நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். அங்கே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று யாரேனும் அவர்களையே கேட்டார்களா? அங்கே வந்தவர்கள் விரும்பினால் வெளியே செல்ல வாசல் திறந்திருக்கிறதா? செய்தித்தாள்கள் அந்தத் துன்பத்தை மறந்தபின்னும், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும், அந்த நிலையத்தார் அங்கே இருப்பார்களா? வாயில்லா ஜீவனிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆகையால் அதன் இயல்பை அறிந்தவரைக் கேட்க வேண்டும். அந்த விலங்கை மட்டும் பாராமல், அது வாழப்போகும் காட்டையும் பார்க்க வேண்டும். இக்கேள்விகளுக்கு நேரான விடை கிடைத்தால், தயங்காமல் கொடுக்கலாம். பெருந்தொகை ஒரு முறை அனுப்புவதினும், சிறுதொகையை ஆண்டுதோறும் தவறாமல் அனுப்புவது மேலானது. அடுப்பு அணையாமல் இருப்பதற்கு வேண்டுவது, நாள்தோறும் இடப்படும் ஒரு விறகு.

பெயர்கள் மாறிவிட்டன. ராஸ் தீவும் ஹாவ்லாக் தீவும் 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஸ்வராஜ் தீவு எனப் புதுப் பெயர் பெற்றன. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சாத்தம் தன் பழைய பெயரோடு அதே இடத்தில் இருக்கிறது. அதன் துறையில் கைதிகள் இறங்கினார்கள். பிழைப்புத் தேடி வந்தவர்களும் இறங்கினார்கள். நம்மவர்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், என்றோ ஒரு நாள், அறியாத ஊரில், கையில் ஒரு மூட்டையோடு இறங்கியவர்கள்தாம். அன்று நம்மை நோக்கி, “உமக்கு என்ன வேண்டும்?” என்று கேட்ட ஒருவரை நாம் இன்றும் மறக்கவில்லை. அடுத்து வந்து இறங்குகிறவரிடம் நாம் கேட்க வேண்டியதும் அந்த ஒரு கேள்வியே.